பெரியவர்களின் நடையும் இடுப்பில் கட்டும் சென்சாரும்

(முதியோர் நலக் கூட்டத்தில் நமது அறக்கட்டளையின் மருத்துவ உதவிக் குழு சார்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



இந்தக் கூட்டத்துக்கு வீடு வீடாக அழைப்புக் கொடுத்தபோது பலரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: "நடக்குறதுல போயி என்ன ஆராய்ச்சி?" கேள்வி நியாயமானதுதான். ஒரு வயதுக் குழந்தை நடக்கிறது, எண்பது வயது நன்னாவும் நடக்கிறார். அதில் பார்க்க என்ன இருக்கிறது?

அறக்கட்டளைக்கு மருத்துவ உதவி கேட்டு வரும் மனுக்களைப் பிரித்துப் பார்க்கும் எங்களுக்கு ஒன்று பழகிப்போய்விட்டது. "தாயார் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது, அறுவைச் சிகிச்சைக்கு உதவுங்கள்" என்று மனு வரும். விசாரிக்கப் போனால், "நல்லாத்தான் இருந்தாங்க, திடீர்னு விழுந்துட்டாங்க" என்பார்கள். இன்னும் பத்து நிமிடம் உட்கார்ந்து பேசினால் வேறு செய்திகள் வெளியே வரும். நாலைந்து மாதமாகவே சுவரைப் பிடித்துத்தான் நடந்தார்கள். போன ரமளானில் ஒருமுறை விழப் பார்த்தார்கள். திரும்பும்போது இரண்டு மூன்று எட்டு எடுத்து வைத்துத்தான் திரும்புவார்கள். அப்படியானால் இது திடீரென்று வந்தது இல்லை. உடம்பு முன்கூட்டியே சொல்லியிருக்கிறது, அந்த வீட்டில் யாரும் காதில் வாங்கவில்லை.

தவறி விழுவதால் உலகம் முழுவதும் ஆண்டுக்கு 6,84,000 பேர் இறக்கிறார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. விபத்துச் சாவுகளில் சாலை விபத்துக்கு அடுத்த இடம் இதற்குத்தான். அவர்களில் நூற்றுக்கு எண்பதுக்கும் மேற்பட்டவர்கள் நம் நாட்டைப் போன்ற வருமானம் குறைந்த, நடுத்தர வருமானமுள்ள நாடுகளில் இருப்பவர்கள். ஆகவே நடையைக் கவனிப்பதை வெளிநாட்டுக்காரர்களின் பொழுதுபோக்கு என்று நினைத்துவிடாதீர்கள்.

முதலில் நடை என்றால் என்னவென்று பார்ப்போம். ஒரு குதிகால் தரையில் படுகிறது. உடம்பு அந்தக் காலுக்கு மேலாகக் கடந்து முன்னே போகிறது. பிறகு பெருவிரல் தரையை உந்திவிட்டுக் கிளம்புகிறது, கால் காற்றில் வீசி முன்னே வந்து மீண்டும் குதிகால் தரையில் படுகிறது. இது ஒரு சுற்று. ஆரோக்கியமாக நடப்பவருக்கு ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய ஒரு நொடி பிடிக்கும். அதில் நூற்றுக்கு அறுபது பங்கு நேரம் கால் தரையில் இருக்கும், நாற்பது பங்கு காற்றில் இருக்கும். இரண்டு காலும் சேர்ந்து தரையில் இருக்கும் நேரம் இருபது பங்கு. வயதானவர்கள் பயந்து நடக்கும்போது கூடுவது இந்த இருபது பங்குதான். ஒரு காலில் நிற்க உடம்புக்குத் தைரியம் இல்லாததால் இரண்டு காலையும் தரையிலேயே வைத்துக்கொள்ளப் பார்க்கிறது.

இதை அளக்கும் ஆசை புதிதல்ல. பிரான்சில் எத்தியேன் ஜூல் மரே என்ற உடலியல் அறிஞர் 1870-களிலேயே செருப்பின் அடியில் காற்றறை வைத்து, அதிலிருந்து ரப்பர் குழாய் இழுத்து, நடப்பவர் கையில் ஒரு பதிவுக் கருவியைக் கொடுத்து நடக்கவிட்டார். கால் அழுந்தும்போதெல்லாம் கருவியில் கோடு விழும். உடம்பில் கட்டிக்கொண்டு நடையை அளப்பதற்கு இதைத்தான் முன்னோடி என்று சொல்ல வேண்டும். பின்னால் கேமரா வந்தது. இன்றும் பெரிய ஆய்வுக்கூடங்களில் சுற்றிலும் கேமராக்களை வைத்து, உடலோடு ஒட்டிய குட்டை உடை உடுத்தச் சொல்லி, தோலின் மேல் பளபளக்கும் குண்டுமணிகளை ஒட்டி நடக்கவிடுகிறார்கள். மிகத் துல்லியமான முறைதான். ஆனால் நம் வீட்டுப் பெண்கள் எத்தனை பேர் அதற்கு ஒப்புவார்கள்?

இங்கேதான் சென்சார் உதவிக்கு வருகிறது. தீப்பெட்டி அளவுள்ள ஒரு கருவியை, உடுத்தியிருக்கும் ஆடைக்கு மேலேயே இடுப்பின் பின்பக்கம் ஒரு பட்டையால் கட்டிவிடுகிறார்கள். அதில் கேமரா கிடையாது, படம் எடுப்பது கிடையாது. அசைவு மட்டும் எண்களாகப் பதிவாகும். புர்காவோடு நடக்கலாம், கைலியோடும் நடக்கலாம். தாய்மார்கள் முதலில் எங்களிடம் கேட்டது இதைத்தான் என்பதால் விளக்கமாகச் சொல்கிறோம்.

அந்தக் கருவிக்குள் இருப்பவை முக்கியமாக இரண்டு. ஒன்று முடுக்கமானி. சிலிக்கானில் செதுக்கிய மிக நுண்ணிய எடை ஒன்று, அதே சிலிக்கானால் ஆன வில்களில் தொங்குகிறது. உடம்பு முன்னே பின்னே, மேலே கீழே, பக்கவாட்டில் அசையும்போது அந்த எடையும் கொஞ்சம் நகரும். அந்த நகர்வை மின்சாரம் அளந்து சொல்கிறது. மற்றொன்று கைரோஸ்கோப். உடம்போ காலோ எவ்வளவு வேகமாகத் திரும்புகிறது, சாய்கிறது என்பதை அது சொல்லும். இரண்டும் ஒரு நொடிக்கு நூறு முறை அளவில் எண்களை எழுதிக்கொண்டே போகும். உங்கள் சட்டைப் பையிலிருக்கும் ஸ்மார்ட்போனிலும் இந்த இரண்டு வகைச் சென்சார்களும் பெரும்பாலும் இருக்கின்றன. போனைச் சாய்த்தால் படமும் சாய்கிறதே, அது இவற்றின் வேலைதான்.

குதிகால் தரையில் மோதும் ஒவ்வொரு முறையும் இடுப்பில் ஓர் அதிர்வு தெரியும். வரைபடத்தில் அது மலை மலையாக வரும். ஒரு மலைக்கும் அடுத்த மலைக்கும் உள்ள இடைவெளிதான் ஓர் எட்டுக்குப் பிடிக்கும் நேரம். எட்டு நீளமானால் இடுப்பு மேலே ஏறி இறங்குவதும் கூடும். அதை வைத்து எட்டின் நீளத்தையும் கணிக்கிறார்கள்.

காலில் கட்டினால் வேறொரு சாமர்த்தியம் இருக்கிறது. கடை வைத்திருப்பவர்களுக்கு இது உடனே விளங்கும். கணக்கில் தினமும் இரண்டு ரூபாய் பிசகினால் நாளடைவில் அது பெரிய தொகையாகிவிடும். அசைவை மட்டும் வைத்துத் தூரத்தைக் கணக்கிடும்போதும் அப்படித்தான் சின்னப் பிசகு வளர்ந்துகொண்டே போகும். தினமும் இரவு கல்லாவை எண்ணிக் கணக்கை நேர் செய்பவருக்கு அந்தத் தொல்லை இல்லை. பாதம் தரையில் முழுதாகப் பதிந்திருக்கும் கணத்தில் அதன் வேகம் பூஜ்யம் என்பது நமக்குத் தெரியும். கருவி ஒவ்வோர் எட்டிலும் அந்தக் கணத்தைப் பிடித்துத் தன் கணக்கைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்துவிட்டு அடுத்த எட்டுக்குப் போகிறது.

இப்படி அளந்து என்ன கண்டுபிடித்தார்கள் என்பதுதான் நமக்கு முக்கியம். எத்தனை எட்டு நடந்தார் என்பதை விட, எட்டுகள் ஒன்றுபோல் இருக்கின்றனவா என்பது அதிகம் பேசுகிறது. நல்ல நடையில் முதல் எட்டும் ஐம்பதாவது எட்டும் ஏறக்குறைய ஒரே நேரம் எடுக்கும், தறி ஓடுவதைப் போல. தடுமாற்றமுள்ள நடையில் ஒன்று நீளும், ஒன்று குறையும். கண்ணுக்கு அந்த வித்தியாசம் தெரியாது, ஏனென்றால் அது நொடியில் சின்னப் பின்னம்தான். ஜெஃப்ரி ஹாஸ்டார்ஃப் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 70 வயதைத் தாண்டிய, வீட்டில் சுயமாக வாழும் 52 பேரின் செருப்புக்குள் அழுத்தம் உணரும் தகட்டை வைத்து நடக்கவிட்டு, ஓராண்டு காலம் அவர்களைத் தொடர்ந்து விசாரித்தார்கள். 2001-இல் வெளியான அந்த ஆய்வின்படி, அந்த ஆண்டில் விழுந்தவர்களுக்கு, விழாதவர்களைக் காட்டிலும் எட்டுக்கு எட்டு உள்ள இந்த வேறுபாடு ஏறக்குறைய இரண்டு மடங்கு இருந்தது. விழுவதற்கு முன்பே எடுத்த அளவு இது என்பதைக் கவனியுங்கள்.

இன்னோர் ஆய்வுக்குக் கருவியே தேவைப்படவில்லை. சுவீடனில் ஊமியோ என்ற ஊரில் முதியோர் குடியிருப்புகளில் வசித்த 58 பேரோடு கூடவே நடந்துகொண்டு பேச்சுக் கொடுத்தார்கள். 12 பேர் பேசத் தொடங்கியதும் நின்றுவிட்டார்கள். நின்றுதான் அவர்களால் பதில் சொல்ல முடிந்தது. அடுத்த ஆறு மாதத்தில் அந்த 12 பேரில் 10 பேர் விழுந்தார்கள். 1997-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த சின்னக் கட்டுரை இது. நடப்பதற்கே மூளை முழுக் கவனத்தையும் செலவழிக்க வேண்டியிருந்தால் பேச்சுக்கு மிச்சம் இருக்காது. இன்று சென்சாரைக் கட்டி, நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழித்துக்கொண்டே நடக்கச் சொல்லி, எட்டுகள் எவ்வளவு குலைகின்றன என்று அளக்கிறார்கள். நம் வீட்டுப் பெரியவரோடு பள்ளிக்குப் போகும் வழியில் பேசிக்கொண்டே நடந்தால் நமக்கும் தெரிந்துவிடும். முன்பெல்லாம் ஊர்க்கதை பேசிக்கொண்டு வந்தவர் இப்போது ஸலாத்துக்குப் பதில் சொல்லவும் நிற்கிறாரா? இன்னொன்றும் இதோடு சேர்ந்தது. படியில் இறங்கிக்கொண்டிருக்கும் பெரியவரைப் பின்னாலிருந்து கூப்பிடாதீர்கள்.

திரும்புவதும் எழுவதும் இதைப் போலவே நிறையச் சொல்லும். நாற்காலியிலிருந்து எழுந்து, 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்காரச் சொல்வது மருத்துவர்கள் செய்யும் எளிய சோதனை. 12 நொடியோ அதற்கு மேலோ ஆனால் விழும் அபாயம் உண்டென்று அமெரிக்க நோய்த் தடுப்பு மையம் எடுத்துக்கொள்கிறது. சென்சார் கட்டியிருந்தால் மொத்த நேரத்தோடு, எழுவதற்கு எவ்வளவு, திரும்புவதற்கு எவ்வளவு என்று தனித்தனியாகத் தெரியும். எழுவதில் தாமதம் என்றால் தொடைத் தசையை, முழங்காலைப் பார்க்க வேண்டும். திரும்புவதில் தாமதம் என்றால் வேறு இடத்தில் தேட வேண்டும். தொழுகையாளிகளின் வீட்டில் இதற்குத் தனிச் சோதனையே வேண்டாம் என்பது எங்கள் எண்ணம். ஸுஜூதிலிருந்து நிலைக்கு எழுவதை ஒரு நாளைக்கு எத்தனையோ முறை நம் கண்முன் செய்கிறார்கள். கையை ஊன்றாமல் எழுந்தவர் ஊன்றத் தொடங்குவதும், எழுந்ததும் ஒரு கணம் தள்ளாடுவதும் கவனித்து மருத்துவரிடம் சொல்ல வேண்டிய செய்திகள். எழுந்தவுடன் கண் இருட்டுகிறது என்றால் இரத்த அழுத்த மாத்திரையின் அளவைப் பற்றிக் கேட்க வேண்டியிருக்கலாம். நாமாக மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது.

வீட்டிலேயே ஒன்று செய்து பாருங்கள். தாழ்வாரத்திலோ மொட்டை மாடியிலோ சாக்கட்டியால் 4 மீட்டர் தூரத்துக்கு இரண்டு கோடு போடுங்கள். பெரியவரை முதல் கோட்டுக்கு ஒரு மீட்டர் முன்பிருந்தே நடக்கத் தொடங்கச் சொல்லி, இரண்டாவது கோட்டைத் தாண்டியும் ஒரு மீட்டர் போகச் சொல்லுங்கள். வழக்கமான வேகத்தில் நடந்தால் போதும், பந்தயம் இல்லை. இரு கோடுகளுக்கு இடையிலான நேரத்தைப் போனில் பாருங்கள். 4 நொடிக்கு மேல் ஆனால் வேகம் நொடிக்கு ஒரு மீட்டருக்குக் குறைவு. தசை மெலிவைப் பற்றி ஆராய்ந்த ஆசிய மருத்துவ வல்லுநர் குழு 2019-இல் வகுத்த எல்லை அது. அந்த எல்லையைத் தாண்டினால் நோய் என்று பொருள் இல்லை, மருத்துவரிடம் காட்டிவிடுங்கள் என்று பொருள். தேதி போட்டு எழுதி வையுங்கள். மூன்று மாதம் கழித்து மறுபடி பாருங்கள். ஒரு தடவை எடுத்த எண்ணை விட, இரண்டு எண்களுக்கு நடுவே உள்ள மாற்றம் மருத்துவருக்கு அதிகம் உதவும். நடை வேகம் அவ்வளவு பெரிய விஷயமா என்று கேட்டால், ஒன்பது ஆய்வுகளில் பங்கெடுத்த 34,485 முதியவர்களின் கணக்கைச் சேர்த்துப் பார்த்து 2011-இல் வெளியிட்டிருக்கிறார்கள். வேகம் கூடியவர்கள் சராசரியில் நெடுநாள் வாழ்ந்தார்கள். ஆயுள் அல்லாஹ்வின் கையில். உடம்பின் நிலைமைக்கு நடை ஓர் அடையாளம் என்ற அளவில் இதை எடுத்துக்கொள்வோம்.

வளைகுடாவில் இருக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. உம்மாவுக்கு ஸ்மார்ட் வாட்ச் அனுப்பிவிட்டு, அங்கிருந்தே எத்தனை எட்டு நடந்தார்கள் என்று பார்க்கிறீர்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் கையில் கட்டும் கருவி கை வீசுவதை வைத்துத்தான் பெரும்பாலும் எண்ணுகிறது. கைத்தடியோ வாக்கரோ பிடித்து நடப்பவரின் கை வீசாது. மெதுவாக, தேய்த்து நடப்பவரின் அதிர்வும் சிறியது. இருவருடைய எட்டுகளையும் கருவி குறைத்து எண்ணிவிடலாம். யாருக்கு அளவு மிகவும் தேவையோ அவரிடத்தில்தான் அது தடுமாறுகிறது. ஒரு நாளைக்குப் பத்தாயிரம் எட்டு என்கிறார்களே, அந்த எண் 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் எட்டு எண்ணும் கருவியின் பெயரிலிருந்து பிரபலமானது. எழுபத்தைந்து வயது உம்மாவை அந்தக் கணக்கை முடிக்கச் சொல்லி விரட்டாதீர்கள். இடுப்புக்குப் பக்கத்தில் பையில் போன் இருந்தால் நடை நிதானத்தைக் கணிக்கும் வசதியை ஆப்பிள் நிறுவனம் 2021 முதல் தன் ஐபோன்களில் வைத்திருக்கிறது. நம் வீட்டுப் பெண்களின் ஆடையில் பை இருப்பதில்லை, போன் அலமாரியில் இருக்கும். ஆகவே வாட்சுக்குச் செலவு செய்வதற்கு முன் கழிவறையில் ஒரு கைப்பிடி பொருத்துங்கள் என்பதுதான் எங்கள் ஆலோசனை.

வீடியோ காலில் பார்த்தும் முடிவு செய்யாதீர்கள். பார்க்கிறார்கள் என்று தெரிந்தால் எல்லோரும் நிமிர்ந்துதான் நடப்பார்கள். மருத்துவர் அறையிலும் அதேதான். தசைகள் படிப்படியாக வலுவிழக்கும் டுஷேன் நோயுள்ள சிறுவர்களுக்கான மருந்துச் சோதனைகளில், மருத்துவமனை நடைக்கூடத்தில் எடுக்கும் அளவுக்குப் பதிலாக, கணுக்காலில் கட்டிய சென்சார் அன்றாட வாழ்க்கையில் எடுக்கும் அளவை ஐரோப்பிய மருந்து முகமை 2023-இல் முதன்மை அளவீடாகவே ஏற்றுக்கொண்டது. வீட்டு நடைதான் உண்மையான நடை என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

சென்சார் எதைச் சொல்லாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். நடை மாறியிருக்கிறது என்று சொல்லும், ஏன் மாறியது என்று சொல்லாது. கண்புரையாக இருக்கலாம். சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போயிருக்கலாம். பள்ளியின் வெயில் காய்ந்த முற்றத்தில் வெறுங்காலோடு நடந்து கொப்புளம் வந்ததே தெரியாமல் இருப்பவர்கள் இந்த வகை. ஒரு கை மட்டும் வீசாமல், எட்டுகள் சிறுத்து, திரும்பும் இடத்தில் கால் ஒட்டிக்கொள்வது பார்க்கின்சன் நோயின் தொடக்கமாக இருக்கலாம். தலைசுற்றலுக்காக நெடுநாள் சாப்பிடும் சில மாத்திரைகளாலும் இதே தோற்றம் வரும். நடை தேய்வதோடு சிறுநீர் அடக்க முடியாமையும் மறதியும் சேர்ந்தால், மூளையில் நீர் தேங்கும் ஒரு நோயைச் சந்தேகிப்பார்கள். அதற்கு அறுவைச் சிகிச்சை உண்டு. "வயசாச்சு, அப்படித்தான்" என்று நாம் விட்டுவிடுபவற்றில் மருந்துள்ளவை எத்தனை இருக்கின்றன பாருங்கள்.

எங்களுக்கு அதிகம் கவலை தருவது இன்னொன்று. பெரியவர்கள் விழுந்ததை மறைக்கிறார்கள். காரணம் கேட்டால், "சொன்னா புள்ளைங்க பள்ளிக்குப் போக விடமாட்டாங்க" என்கிறார்கள். பிள்ளைகளும் அப்படித்தான் செய்கிறார்கள், அன்பினால்தான். ஆனால் வீட்டில் உட்காரவைத்த காலின் தசை இன்னும் மெலியும், அடுத்த முறை கழிவறைக்குப் போகும்போதே விழுவார். அத்தாவைப் பள்ளிக்குப் போகாமல் தடுப்பதற்குப் பதிலாக ஒரு பேரனைக் கூட அனுப்புங்கள். வீட்டில் சுயமாக வாழும் முதியவர்கள் தசை வலுவுக்கும் சமநிலைக்குமான பயிற்சிகளை ஒழுங்காகச் செய்தால் விழுவது 23 விழுக்காடு குறைகிறது என்று 2019-இல் வெளியான காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு காட்டுகிறது. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்காருவது, சுவரருகில் குதிகால் விரலைத் தொடும்படி நடப்பது போன்றவைதான் அந்தப் பயிற்சிகள். எந்தப் பயிற்சி யாருக்கு என்பதைப் பிசியோதெரபிஸ்ட்டிடம் கேட்டுச் செய்ய வேண்டும்.

இகாமத் சத்தம் கேட்டதும் ஒளுச் செய்த ஈரக்காலோடு ஓடி வருவதைப் பெரியவர்கள் விட்டுவிட வேண்டும். தொழுகைக்கு ஓடி வராமல் அமைதியாக நடந்து வரும்படி நபி (ஸல்) அவர்கள் நமக்குச் சொல்லியிருக்கிறார்கள். நிற்க முடியாதவர் உட்கார்ந்து தொழுவதற்கும் மார்க்கத்தில் அனுமதி இருக்கிறது, அதில் கூச்சம் தேவையில்லை. நாற்காலி கேட்கும் பெரியவரைத் திரும்பிப் பார்த்து வெட்கப்படுத்துபவர்கள் நம் ஸஃபுகளில் இல்லாமலிருக்கட்டும். பள்ளி நிர்வாகத்திடம் நாங்கள் மூன்று கோரிக்கை வைத்திருக்கிறோம். ஒளுச் செய்யும் இடத்திலிருந்து உள்பள்ளி வரை வழுக்காத விரிப்பு வேண்டும். படிகளின் ஒரு பக்கமாவது கைப்பிடிக் கம்பி வேண்டும். சுப்ஹு நேரத்தில் செருப்பு விடும் இடத்தில் விளக்கு எரிய வேண்டும். நிர்வாகிகள் பரிசீலிப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

கூட்டம் முடிந்ததும் இங்கேயே நடைப் பரிசோதனை நடக்கும். தரையில் கோடு போட்டாகிவிட்டது. பெண்களுக்கு மதரஸா மாடியில் தனி இடம் இருக்கிறது, அங்கே பெண் பிசியோதெரபிஸ்ட் இருப்பார். இடுப்புப் பட்டையைக் கட்டிக்கொள்வது அவரவர் விருப்பம். பிள்ளைகள் கட்டாயப்படுத்த வேண்டாம், பெரியவரிடமே கேளுங்கள். வரும் எண்களை அவருடைய கையில்தான் கொடுப்போம். எங்கள் பதிவேட்டில் அவர் சம்மதித்தால் மட்டுமே ஏற்றுவோம். பரிசோதனைக்கு வரும்போது தினமும் போடும் செருப்பையும் சாப்பிடும் மாத்திரைச் சீட்டையும் கொண்டுவந்தால் நல்லது. கடந்த ஓராண்டில் விழுந்திருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். பிள்ளைகள் எதிரில் சொல்லத் தயக்கமாக இருந்தால் தனியே சொல்லலாம். அஸர் பாங்குக்கு முன் முடித்துவிடுவோம், இன்ஷா அல்லாஹ். வஸ்ஸலாம்.